ஞாயிறும் நாளளவும்

சைவ நன்மக்கள் நாடோறும் இயற்றும் சந்தியா வழிபாடும், திருக்கோயில்களில் நிகழும் காலபூசைகளும், பிரதோடம் சிவராத்திரி முதலிய விரதங்களும் காலத்தைப் பற்றி நிற்பன. ஆகலின், அக்காலம் எதனால் அளக்கப்படுகின்றது என்பதனை ஆராய்ந்து தெளிதல் அவற்றை இயற்றுவார்க்கு இன்றியமையாததாம். இக்காலத்தே கடிகாரம் யாவர் கையினும் உளது. அது காட்டும் எண்ணே பொழுதென்று கொண்டு, 'பிரதோடமாவது மாலை 4.30 மணி முதல் 6 மணி வரை' என எழுதியும் சொல்லியும் வருகின்றனர். அங்ஙனமாயின், ஞாயிறு ஏறத்தாழ 6.40 மணிக்கு மறையும் ஆனித் திங்களினும், 5.45 மணிக்கு மறையும் கார்த்திகைத் திங்களினும் தில்லையில் அப்பொழுது ஒன்றேயாமோ? மார்கழியில் 4 மணிக்கு முன்னரே ஞாயிறு மறையும் இலண்டன் மாநகரில் வாழும் சைவர்க்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? இனி, 'ஞாயிற்றின் இயக்கமே காலம். அதற்கு வேறாய்க் காலமென ஒன்றில்லை' என்பாரும் உளர். 'ஞாயிறு வேண்டா, கருவியே அமையும்' என்பாரும் உளர். இவ்விருதிறத்தார் கூற்றும் சித்தாந்தத்தோடு பொருந்துமாறில்லை என்பதனை, நாளளவின் இயல்பைக் காட்டி ஈண்டு விளக்கப் புகுகின்றாம்.

நாளாவது யாது

நாள் என்னுஞ் சொல் பகலொன்றனையும் குறிக்கும். பகலும் இரவும் கூடியதனையும் குறிக்கும். அசுவதி முதலிய விண்மீனையும் குறிக்கும். இம்மூன்றும் ஒரு சொல்லான் வழங்குதலின் பொருள் மயங்குதல் கூடும். சூரிய சித்தாந்தம் என்னும் வானூல் காலவளவை ஒன்பது வகைப்படுத்து, அவற்றுள் சௌரம், சாந்திரம், நாட்சத்திரம், சாவனம் என்னும் நான்கும் உலக வழக்கிற் பயில்வன என்று கூறும். ஞாயிறு இராசியிற் செல்லுதலாற் கொள்வது சௌரம். திங்களாற் கொள்வது சாந்திரம். விண்மீன் மீண்டு வருதலாற் கொள்வது நாட்சத்திரம். ஞாயிற்றின் ஓர் உதயந் தொடங்கி மறு உதயங்காறும் கொள்வது சாவனம். நாம் நாளென வழங்குவது இச்சாவன நாளேயாம்.

இந்நாள் 60 நாழிகை. நாழிகை ஒன்று 60 விநாழிகை. இக்காலத்து அளவையில் நாழிகை 24 நிமிடமும் விநாழிகை 24 செக்கண்டுமாம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஏழரை நாழிகை ஒரு யாமம்.

அற்றேல், பகல் 30 நாழிகையும் இரவு 30 நாழிகையும் ஆமோவெனின், நிலநடுக்கோட்டில் வாழ்வார்க்கே என்றும் அங்ஙனமாம். ஏனையோர்க்கு ஆண்டில் இரண்டு நாளிலன்றி ஆகாது. பூமியின் சுழலச்சு, அது ஞாயிற்றைச் சுற்றும் தளத்திற்கு நேர்செங்குத்தாய் நில்லாது 23½ பாகையளவு சாய்ந்து நிற்றலின், ஞாயிறு ஆறு திங்கள் வடக்கும் ஆறு திங்கள் தெற்குமாகச் சாய்ந்து தோன்றும். அதனால் பகற்பொழுது ஏறியுங் குறைந்தும் வரும். இப்பகலளவினையே நம் பஞ்சாங்கங்கள் 'அகசு' என்று நாடோறுங் குறிக்கின்றன. ஞாயிற்று வட்டத்தின் நடுவை வைத்துக் கணக்கிடின், தில்லையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 31 நாழிகை 40 விநாழிகை. மிகக் குறுகிய பகல் 28 நாழிகை 20 விநாழிகை. காசியில் முறையே 34 நாழிகையும் 26 நாழிகையும் ஆம். இலண்டனில் 41 நாழிகையும் 19 நாழிகையும் ஆம். வடக்கே 66½ பாகைக்கு அப்பாற் செல்லின், ஞாயிறு மறையாத நாளும் தோன்றாத நாளும் உளவாம். முனையிலோ ஆறு திங்கள் பகலும் ஆறு திங்கள் இரவும் ஆம். மேருவில் உறைவார்க்கு ஆண்டொன்று ஒரு நாளாம் என நம் வானூலார் கூறியது இதுபற்றியே யென்க.

சங்கு நிழல்

உதயம் இங்ஙனம் முன்னும் பின்னுமாகப் பெயர்தலின், உதயத்தினின்று உதயம் வரை அளக்கும் நாளும் சிறிது ஏறிக் குறையும். ஆகவே, நாளளவினை நுணுகியறிவார் உதயத்தை விடுத்து உச்சிப்பொழுதினைக் கொள்வர். ஓரூரில் அகசு எத்துணை யாயினும், பகலின் நடு உச்சியேயாகலின், அஃது அகசின் ஏற்றக் குறைவால் மாறுபடாது.

உச்சியை அறிதற்குரிய கருவி சங்கு. நீர்மட்டமாகத் திருத்திய நிலத்தில் வட்டம் ஒன்று வரைந்து, அதன் நடுவே 12 அங்குலச் சங்கினை நேரே நிறுத்துக. முற்பகலில் அதன் நிழல்நுனி வட்டத்தினுட் புகும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து, அவ்விரண்டையும் இணைப்பின் அது கீழ்மேற் கோடாம். அதனைச் செங்குத்தாக வெட்டி நடுவே செல்லும் கோடு தென்வடற் கோடாம். நிழல் அத்தென்வடற் கோட்டில் விழும் கணமே உச்சிப்பொழுது. மயமதம் முதலிய சிற்ப நூல்களும் ஆகமங்களும் திருக்கோயிலுக்குத் திசை காணச் சங்கு நாட்டும் முறையினைக் கூறுகின்றன. ஆகவே, திருக்கோயிலின் திசையும் பூசையின் காலமும் ஒரு கருவியானே, ஒரு ஞாயிற்றானே வரையறுக்கப்பட்டமை அறியற்பாலது. பகலும் இரவும் ஒத்த நாளில் தில்லையில் அச்சங்கின் உச்சி நிழல் ஏறத்தாழ 2½ அங்குலம். சித்திரை முதல் வாரத்தினும் ஆவணி முதல் வாரத்தினும் ஞாயிறு ஆண்டு நேர் உச்சியில் வருதலின், அப்பொழுது நிழலே இல்லையாம்.

மீன் நாளும் ஞாயிற்று நாளும்

ஓர் உச்சியினின்று மறு உச்சிவரை உள்ள காலம், பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் காலமே யன்றோவெனின், அன்று. பூமி ஒருமுறை முற்றச் சுழல்வது 23 மணி 56 நிமிடம் 4 செக்கண்டிலாம். விண்மீன் ஒன்று தோன்றிய இடத்தே மீண்டுந் தோன்றுதற்கு ஆகும் காலம் இது. இதுவே நாட்சத்திர நாள். ஞாயிற்று நாளோ இதனின் ஏறத்தாழ 4 நிமிடம், அஃதாவது பத்து விநாழிகை, மிகுந்தது.

இஃது ஏன் எனின், ஓர் உவமையான் விளக்குதும். அடியார் ஒருவர் ஆன்மப் பிரதக்கிணஞ் செய்வார் போலத் தம்மைத் தாமே வலமாகச் சுழன்றுகொண்டே கருவறையையும் ஒருமுறை வலம் வருகின்றார் என்க. நெடுந்தொலைவில் உள்ள மலையொன்றனை நோக்கி எண்ணின் அவர் எட்டு முறை சுழன்றார். கருவறையை நோக்கி எண்ணினோ ஏழுமுறையே அவர் முகம் அதற்கு நேராகும். வலம் வந்த அவ்வொரு சுற்று, சுழற்சியில் ஒன்றனைக் கவர்ந்துகொண்டது. ஈண்டு அடியார் பூமி; கருவறை ஞாயிறு; மலை விண்மீன். பூமி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவரும் ஆண்டில், மீன் நாட்கள் ஞாயிற்று நாட்களின் ஒன்று மிக்கனவாம். அவ்வொரு நாளினை 365 நாட்களுக்கும் பகுப்பின், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் வரும்.

இவ்வுண்மையினை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சூரிய சித்தாந்தம் ஒரு மகாயுகத்திற்கு ஞாயிற்றாண்டு 43,20,000 என்றும், விண்மீன் சுற்று 158,22,37,828 என்றும், சாவன நாள் 157,79,17,828 என்றும் கூறும். இரண்டாவதனின் முதலதனைக் கழிப்பின் மூன்றாவது வருதல் காண்க. கி.பி. 499-இல் நூல் செய்த ஆரியபடர், விண்மீன்கள் மேற்கே செல்லுதல் போலத் தோன்றுதல் பூமியின் சுழற்சியான் என்று வெளிப்படையாகவே உரைத்தனர்.

இதனை அன்பர்கள் கண்ணாரக் காணலாம். மார்கழித் திருவாதிரையின்போது ஆதிரை மீன், ஞாயிறு மறையும் பொழுதையொட்டிக் கீழ்வானில் எழும். ஒரு திங்கள் கழித்து அதே மாலைப்பொழுதில் நோக்கின், அது வானில் ஐந்து நாழிகைத் தொலைவு ஏறி நிற்கும். ஆனியில் ஞாயிற்றோடு கூடிப் பகலில் மறைந்துவிடும்.

ஏறுதலுங் குறைதலும்

இனி, உச்சியினின்று உச்சிவரை உள்ள ஞாயிற்று நாளாயினும் ஆண்டு முழுதும் ஓரளவினதோவெனின், அதுவும் அன்று. இதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று: ஞாயிற்றின் நடை ஒருபடித்தன்று. பூமி ஞாயிற்றுக்கு அணித்தாய் வருங்கால் விரைந்தும், சேய்த்தாய் செல்லுங்கால் மெல்லவும் இயங்கும். இடைநிலையில் ஞாயிற்றின் நாள்நடை 59 கலை 8 விகலை. மார்கழியின் இறுதியில் அது 61 கலையளவும், ஆனியில் 57 கலையளவும் ஆகும். திங்களின் அளவு வேறுபடுதலும் இதனானேயாம். வாக்கியக் கணிதத்தில் ஆனி 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. மார்கழி 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. நடை விரைந்த வழி, பூமி ஞாயிற்றின் நேர் வருதற்குச் சிறிது மிகுதியாகச் சுழல வேண்டுதலின் நாள் நீளும்.

மற்றொன்று: ஞாயிறு செல்லும் வழி வான நடுக்கோட்டிற்குச் சாய்ந்தது. நாளினை அளப்பது அதன் கிழக்கு நோக்கிய நகர்ச்சியே. மார்கழி ஆனித் திங்கள்களில் அவ்வழி கிழக்கு நோக்கி நேரே செல்லுதலின் நகர்ச்சி மிகும். பங்குனி புரட்டாசித் திங்கள்களில் வடக்கும் தெற்குமாகச் சாய்ந்து செல்லுதலின் நகர்ச்சி குறையும்.

மார்கழியில் இவ்விரண்டு காரணமும் ஒருங்கு கூடுதலின், அப்பொழுது உச்சியினின்று உச்சிவரை 24 மணிக்குமேல் 30 செக்கண்டு ஆகும். ஆவணியிறுதியில் 24 மணியினும் 21 செக்கண்டு குறையும். இவை சிறியன வெனினும் நாடோறுஞ் சேர்தலின் பெரியவாம். சங்கு காட்டும் உச்சி, சீராக ஓடும் கடிகாரத்தின் நடுப்பகற்கு ஐப்பசி இடையில் ஏறத்தாழ 16 நிமிடம் முந்தியும், மாசித் தொடக்கத்தையொட்டி 14 நிமிடம் பிந்தியும் வரும். சித்திரைத் தொடக்கம், வைகாசியிறுதி, ஆவணி நடு, மார்கழி பத்தாம் நாள் என ஆண்டில் நான்கு முறையே இரண்டும் ஒத்து நிற்கும்.

மார்கழி நோன்பு நோற்பார் கண்டு வியக்கும் செய்தியொன்று இதனான் விளங்கும். மிகக் குறுகிய பகல் மார்கழி முதல் வாரத்தில் வரும். அதன்பின் பகல் நீளத் தொடங்கும். ஆயினும் காலை உதயம் முந்துவதற்கு மாறாகப் பின்னும் பிந்திக்கொண்டே செல்லும். தில்லையில் டிசம்பர் 21-இல் ஏறத்தாழ 6.26 மணிக்கு எழும் ஞாயிறு, தை இரண்டாம் வாரத்தில் 6.36 மணிக்கே எழும். உச்சி நாடோறும் அரை நிமிடம் வரை பிந்துதலும், பகலோ மிக மெல்ல வளர்தலுமே இதற்குக் காரணம். அம்மிகுதியெல்லாம் மாலைப் பொழுதிற் சேர்தலின், ஞாயிறு மறையும் நேரம் அதே காலத்தில் 17 நிமிடம் பிந்தும்.

கடிகார நாள்

இங்ஙனம் மெய்ஞ்ஞாயிறு ஒருபடித்தாக ஓடாமையின், கணிதநூலார் ஒருபடித்தாக ஓடும் நடுஞாயிறு ஒன்றனை மனத்தாற் கற்பித்துக்கொண்டனர். ஆண்டின் நாட்களையெல்லாம் கூட்டிச் சமமாகப் பகுத்தது அது. கடிகாரம் காட்டும் 24 மணி அந்நடுஞாயிற்று நாளேயாம். நடுஞாயிற்றினின்று ஓரூரின் மெய்யுதயத்தை அறிதற்கு நம் வானூலார் நான்கு திருத்தங்கள் வகுத்தனர். நடை வேறுபாட்டிற்கு உரியது புஜாந்தரம். வழிச் சாய்விற்கு உரியது உதயாந்தரம். ஊரின் வடதென் நிலைக்கு உரியது சரம். கீழ்மேல் நிலைக்கு உரியது தேசாந்தரம். இவற்றுள் உதயாந்தரத்தைச் சீபதியும், 1150-இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கரரும் விளக்கினர். தேசாந்தரத்தை அவர்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் தென்வடற் கோட்டினின்று கணித்தனர். அக்கோடு நிலநடுக்கோட்டினைத் தொடும் இடத்தை அவர்கள் இலங்கை என்று வழங்கினர். அஃது இக்கால இலங்கைத் தீவன்று.

இக்காலத்தே இந்திய நாடு முழுதிற்கும் ஒரே பொழுது வழங்குகின்றது. 82½ பாகைக் கோட்டின் நடுஞாயிற்றுப் பொழுது அது. 1906-ஆம் ஆண்டு தொடங்கி வந்தது. இலங்கையும் இப்பொழுது அதனையே ஒத்த பொழுதினைக் கொண்டுள்ளது. தில்லை அக்கோட்டிற்கு மேற்கே இருத்தலின், அதன் நடுப்பகல் 11 நிமிடம் பிந்தும்; யாழ்ப்பாணத்தின் நடுப்பகல் 10 நிமிடம் பிந்தும். முற்கூறிய ஏற்றக் குறைவினையும் கூட்டின், தில்லையில் மெய்யுச்சி கடிகாரத்தில் 11.55 மணிக்கும் 12.25 மணிக்கும் இடையே ஆண்டு முழுதும் பெயர்ந்துகொண்டிருக்கும். ஆகவே கடிகாரத்தின் 12 மணியே உச்சியெனக் கொண்டு உச்சிக்காலம் வகுப்பார், பெரும்பாலான நாட்களில் உச்சியல்லாத பொழுதினையே உச்சியென்று கொள்வாராவர்.

வழிபாட்டுக் காலம்

இனி வழிபாட்டிற்கு எப்பொழுதினைக் கொள்வது எனின், கூறுதும். சந்தி என்பது பகலும் இரவும் தம்முட் கூடும் எல்லை. அவ்வெல்லை ஞாயிற்றான் ஆவதன்றிக் கடிகாரத்தான் ஆவதன்று. உதயம், உச்சி, அத்தமனம் என்னும் சொற்களான் விதிக்கப்பட்ட வழிபாடுகளெல்லாம், வழிபடுவார் நிற்கும் ஊரின் மெய்ஞ்ஞாயிற்றைப் பற்றியனவே. பிரதோட காலம் அத்தமனத்திற்கு முன் 3¾ நாழிகையும் பின் 3¾ நாழிகையும் ஆம் என்பது வழங்கிவரும் கணக்கு. 3¾ நாழிகை ஒன்றரை மணி. அத்தமனம் 6 மணிக்கு ஆகும் நாளிலேயே 'நாலரை முதல் ஆறு' என்பது அதன் முற்பகுதிக்குப் பொருந்தும். ஆனியில் தில்லையில் அது 5.10 மணிக்குத் தொடங்கும், கார்த்திகையில் 4.15 மணிக்கே தொடங்கும். இலண்டனில் மார்கழியில் பிற்பகல் 2.25 மணியளவிலும், ஆனியில் அந்நாட்டார் முள்ளை ஒருமணி முன்தள்ளி வைக்கும் கோடைக் கணக்கின்படி இரவு 7.50 மணியளவிலும் தொடங்கும்.

அங்ஙனமே சிவராத்திரியின் நான்கு யாமங்களும் இரவினை நான்காகப் பகுத்தனவாதலின், இரவு நீண்டவிடத்து யாமமும் நீளும், குறுகியவிடத்துக் குறுகும். நம் நாட்டில் மாசித் திங்களில் இரவு ஏறத்தாழ 30 நாழிகையாதலின், யாமம் ஏழரை நாழிகை என்பது நன்கு பொருந்தும். தென்பாதி நிலத்தில் வாழும் சைவர்க்கு மாசி கோடையாகலின் யாமம் சிறிதாம். ஞாயிறு மறையாத நிலத்தே எங்ஙனமெனின், ஆண்டும் நடுப்பகலும் நள்ளிரவும் உளவாகலின், அவற்றைப் பற்றி ஒத்த பகுப்புச் செய்துகொள்ளுதல் தக்கதென்பது எம் கருத்து.

அற்றேல், திருக்கோயில்களில் பலர்க்கும் தெரியக் கடிகார மணியால் அறிவித்தல் குற்றமோவெனின், குற்றமன்று. அந்நாளின் அகசினையும் அத்தமனத்தினையும் பஞ்சாங்கத்தாற் கண்டு, அதற்கியைந்த மணியினை அறிவிப்பின் நன்று. ஆண்டு முழுதிற்கும் ஒரு மணியே குறித்துவிடுதலே பொருந்தாதது. கடிகாரம் ஏவலாளாய் நிற்பின் உதவும். தலைவனாய் நிற்பின் விதியை மாற்றும்.

காலமும் காலவளவும்

இனித் தத்துவ ஆராய்ச்சிக்கு வருவாம். வைசேடிகர் காலம் ஒன்றாய், நித்தமாய், எங்கும் நிறைந்ததாய் உள்ள திரவியம் என்பர். ஞாயிற்றின் இயக்கமே காலம் என்பார் வேறொரு சாரார். சைவசித்தாந்தம், காலம் அசுத்த மாயையிற் றோன்றிய தத்துவம் என்றும், சடமாதலின் தோற்றமும் ஒடுக்கமும் உடையது என்றும், இறப்பு நிகழ்வு எதிர்வு என மூன்றாய் நின்று உயிரின் வினைநுகர்ச்சியை வரையறுப்பது என்றும் கூறும்.

ஞாயிற்றின் இயக்கமே காலமாயின் வரும் இழுக்கு யாதெனின், 'மார்கழியில் ஞாயிற்று நாள் 30 செக்கண்டு மிகும்' என்று யாம் மேலே கூறினாம். அளக்குங் கோலே அளக்கப்படும் பொருளுமாயின், கோல் நீண்டது என்று கூறுதல் எங்ஙனங் கூடும்? ஞாயிற்றின் நாள் நீண்டது குறைந்தது என்று அறியப்படுதலானே, அதனின் வேறாகிய காலம் ஒன்று உண்மை பெறப்பட்டது. இவ்வாராய்ச்சி இக்காலத்துப் பின்னும் வலுப்பெற்றது. பூமியின் சுழற்சியே நூறாண்டிற்கு நாளொன்றில் ஏறத்தாழ செக்கண்டின் ஆயிரத்தில் இரண்டு கூறு மெலிகின்றது என்பர். ஆகவே 1967-ஆம் ஆண்டில் அறிவியலார் செக்கண்டினை ஞாயிற்றினின்றும் நீக்கி, சீசிய அணுவின் 919,26,31,770 அதிர்வளவாக வரையறுத்தனர். அவ்வளவினை ஞாயிற்றோடு இயைவித்தற்பொருட்டு 1972 முதல் 2016 இறுதி வரை 27 செக்கண்டுகளைக் கூட்டவும் நேர்ந்தது. அற்றேல் அணுவின் அதிர்வே காலம் எனலாமோவெனின், ஆகாது. அதுவும் ஓர் இயக்கமேயாகலின் முற்கூறிய இழுக்கே வரும். ஞாயிறும் அணுவும் காலத்தைப் புலப்படுத்தும் கருவிகள், காலமாகா.

ஞாயிறு கருவியே யெனின், அதனினுஞ் சிறந்த கருவி கிடைத்தபின் வழிபாட்டிற்கும் அதனைக் கொள்ளாமை என்னையெனின், வழிபாட்டில் ஞாயிறு அளக்குங் கருவியாக மட்டும் நிற்பதன்று. ஞாயிறு சிவபெருமானுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று. சிவபூசைக்கு முன்னர்ச் சூரியபூசை விதிக்கப்பட்டதும், சூரிய மண்டலத்து நடுவே சிவபெருமானைக் கண்டு வழிபடுவதும் இதுபற்றியே. அணு சீராக அதிரும். ஆயினும் அது விடிவதுமில்லை, மறைவதுமில்லை. சந்தியில் நாம் வணங்குவது எண்ணையன்று. இருள் நீங்க ஒளி வருதலாகிய அருட்குறியையே.

காலம் மாயையிற் றோன்றியதெனவே, அதன்கண் கட்டுண்ட உயிர்க்கு அளந்த நாட்களே உள. காலத்தைக் கடந்து நின்று, காலனையும் காய்ந்த பெருமானுக்கு அளவில்லை. ஒவ்வோர் உதயமும் நம் நாட்களுள் ஒன்றனை அளந்து கழிக்கின்றது. அந்நாளினை அளக்கும் ஞாயிற்றையே வாயிலாகக் கொண்டு, அளவிறந்த முதல்வனை உரிய பொழுதில் நினைவார்க்கு, அளக்கப்பட்ட அந்நாளே அளவில்லாப் பயன் தருவதாம். ஆகவே அன்பர்கள் தத்தம் ஊரின் உதயமும் அத்தமனமும் அறிந்து, நாடோறும் வழிபாடு தவறாது இயற்றி உய்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.